வேலையை விடாமல் பிஎச்.டி.

வளரும் நாடுகளின் கல்லூரி ஆசிரியர்கள் உதவித்தொகையில் வெளிநாடு போய் ஆய்வுப் பட்டம் வாங்குகிறார்கள். பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான்கைந்து வருடம் அந்நிய ஆய்வுக்கூடத்தில் அந்த ஊர்ச் சிக்கல்களையே ஆராய்ந்தவருக்குச் சொந்த ஊரில் அந்த வேலையைத் தொடர இடம் இருக்காது. இதற்கு உகாண்டாவின் மக்கெரெரே பல்கலைக்கழகமும் ஸ்வீடனும் கண்ட வழி மிக உருப்படியானது என்பேன்.

கம்பாலா நகரில் 1922இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கிய மக்கெரெரே, கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே பெயர்பெற்ற கல்விக்கூடமாக வளர்ந்தது. இடி அமீன் ஆட்சி (1971–79) அதைச் சீர்குலைத்தது. 1972இல் துணைவேந்தர் ஃபிராங்க் கலிமுசோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; அவர் திரும்பவில்லை. பேராசிரியர்கள் பலர் நாட்டைவிட்டே வெளியேறினார்கள். மாணவருக்கு வழிகாட்டும் மூத்தவர்கள் போய்விட்டால் அடுத்த வழிகாட்டிகள் எங்கிருந்து வருவார்கள்?

ஸ்வீடன் அரசின் உதவி அமைப்பான சீடா 2000இல் மக்கெரெரேயின் ஆய்வுப் பணிக்குக் கைகொடுக்கத் தொடங்கியது. இணைய வசதி, நூலகம் ஆகியவற்றுக்கும் பணம் வந்தது. ஆனால் முக்கியமானது ‘சாண்ட்விச்’ முறைதான். இதில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் மக்கெரெரேயிலேயே வேலை பார்க்கும் விரிவுரையாளர். வேலையை விடுவதில்லை. வருடத்தில் சில மாதங்கள் ஸ்வீடன் போய்ப் பாடம் கேட்டு, தரவுகளை அலசி, கட்டுரை எழுதிவிட்டுத் திரும்புகிறார். வழிகாட்டிகள் இரு நாட்டிலும் உண்டு. ஆய்வுக் கேள்வி மட்டும் உகாண்டாவில்தான் பிறக்க வேண்டும்.

இது நடைமுறையில் எப்படி என்று பார்க்க, நாட்டின் கிழக்கே இகாங்கா, மயுகே மாவட்டங்களுக்குப் போகலாம். அங்கே மக்கெரெரேயின் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு எல்லாவற்றையும் பதிகிறார்கள். மருத்துவமனையை எட்டாமலே ஒரு குழந்தை இறந்திருந்தால் தாயிடம் உட்கார்ந்து கேட்கிறார்கள்: காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மூச்சு வாங்கியதா, பால் குடித்ததா? மருத்துவச் சான்றிதழ் இல்லாத சாவுக்கு இந்தப் பதில்களிலிருந்துதான் காரணம் கணிக்கப்படுகிறது. அந்தப் பதிவேடுகளை வைத்து ஆய்வு செய்பவர் ஸ்டாக்ஹோமில் கற்ற புள்ளியியலைத் தன் நாட்டுக் குழந்தைகளின் சாவைத் தடுக்கப் பயன்படுத்துகிறார். அவருக்கு ஊர் திரும்பக் காரணம் இருக்கிறது.

குறைகளும் உண்டு. பட்டம் வாங்கியதும் வகுப்பும் நிர்வாக வேலையும் தலைமேல் விழுகின்றன. ஆய்வுக்கு நேரம் கிடைப்பதில்லை. வெளிநாட்டுப் பணத்தை நம்பிய ஆய்வு, பணம் நின்றதும் தானும் நின்றுவிடக்கூடும். ஆகவே இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில், பட்டத்துக்குப் பிந்தைய சில வருடங்களுக்கு ஆய்வு நிதியும் வகுப்புச் சுமையில் சலுகையும் முதலிலேயே எழுதப்பட வேண்டும். உள்நாட்டு அரசின் பங்கும் ஆண்டுக்காண்டு கூட வேண்டும். உகாண்டா அரசு 2019இல் மக்கெரெரேக்கென்று தனி ஆய்வு நிதி ஒதுக்கத் தொடங்கியது. ஸ்வீடன் பணத்தில் பட்டம் பெற்றவர்கள் இப்போது உகாண்டா பணத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.