தூக்கும் இயந்திரத்தின் கை நீள நீள, அதன் பலம் ஏன் குறைகிறது?

மும்பையின் பாண்டுப் போன்ற நெருக்கடியான பகுதியில் பழைய இரும்புக் கிடங்கு, அதாவது அங்குள்ள வழக்கில் பங்கார் கடை, நடத்துபவர் தூக்கும் இயந்திரம் வாங்கும்போது 'எத்தனை டன் தூக்கும்?' என்றே முதலில் கேட்கிறார்; ஆனால் 'எவ்வளவு தூரத்தில்?' என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

ஏன்? நிறைகுடத்தை இடுப்பில் அணைத்து நெடுந்தூரம் நடக்கும் பெண், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் சில நொடிகளில் தளர்ந்துவிடுவார். இயந்திரமும் அவ்வாறே: சுமை இரு மடங்கு தூரத்தில் தொங்கினால் இயந்திரத்தைக் கவிழ்க்கும் திருப்புவிசையும் இரட்டிக்கிறது; கையின் சொந்த எடையும் சேர்வதால், தூக்கும் திறன் பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஆகவே சுமை அட்டவணையில், கை முழுதும் நீண்ட நிலைக்குரிய எண்ணையே நம்ப வேண்டும். நுனியில் தொங்கும் பிடியின் எடையையும் அதிலிருந்து கழிக்க வேண்டியிருக்கலாம்.

அந்தக் கையை இயக்குவது எது? அழுத்தப்பட்ட எண்ணெய். 1795இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற நீரழுத்தப் பொறியின் தத்துவமே இது: மூடிய குழாயில் சிறு பரப்பில் செலுத்திய விசை, பெரும் பரப்பில் பெருவிசையாகிறது. தூக்கும் இயந்திரத்தின் எண்ணெய் வால்வுகளிலுள்ள இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது என்பதால், துருத்தூள் புகுந்தால் அவை தேய்ந்து கசியும்.

துருத்தூளைப் போலவே ஈரமும் கெடுதல்தான்: பகலில் சூடேறி இரவில் குளிரும் எண்ணெய்த் தொட்டி, மும்பையின் மழைக்கால ஈரக்காற்றை உள்ளிழுக்கிறது. ஈரம் மிகுந்தால் எண்ணெய் பால்போல் வெளிறும். அதைக் கண்டதும் வேலையை நிறுத்தி, ஈரம் புகும் வழியை அடைத்து, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும்.