ஒன்றரை ஷிப்டுக்குப் பிறகு

காலை 8.30 மணிக்கு பனியன் கம்பெனிக்குள் போகிறவர் ஒன்றரை ஷிப்டு பார்த்தால், வெளியே வர இரவு 8.30 ஆகிவிடும். தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பாட்டி ஊரிலேயே தங்கிவிட்டார்கள். பள்ளி விட்டு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்காகக் காத்திருப்பது பூட்டிய லைன் வீடுதான். அந்தப் பிள்ளையிடம் “மனதைத் திடமாக வைத்துக்கொள்” என்று சொல்வது எளிது. ஆனால் மனத்திடம் தனிமையில் விளைவதில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையை உளவியலாளர் எம்மி வெர்னரின் குழு பல பத்தாண்டுகள் கவனித்தது. வறுமை, குடும்பச் சண்டை எனப் பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்கு வாய்த்தவற்றுள் முக்கியமானது, நம்பிப் பேச ஒரு பெரியவர். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாகவோ ஆசிரியராகவோ இருந்தாலும் போதும்.

அப்படி ஒருவராகப் பள்ளியில் ஓர் ஆலோசகர் வேண்டும் என்றால், “நாங்களும் கஷ்டத்தில்தானே வளர்ந்தோம், எங்களுக்கு யார் கவுன்சிலிங் கொடுத்தார்கள்?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேட்பவர்கள் கரையேறியவர்கள். கவாயில் மற்ற இரண்டு பங்கினர் பதின்ம வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ தடுமாறினார்கள். அப்படித் தடுமாறியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வருவதில்லை. அதோடு, அன்று திண்ணையில் இருந்த பாட்டிக்குக் கவுன்சிலர் என்ற பெயர்தான் இல்லை, வேலை அதுதான்.

“ஆசிரியர்கள் இருக்கிறார்களே, தனியாக ஓர் ஆள் எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் பீகாரிலிருந்தே வருகிறது. நாலந்தா மாவட்டத்தின் 74 பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டத்தைச் சோதித்துப் பார்த்து, முடிவுகளை 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் பணியாற்றிய பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும் ஒருவரை ஒருவர் சீண்டித் துன்புறுத்துவதும் குறைந்தன. அதே பணியை ஆசிரியர்கள் தலையில் கூடுதலாக வைத்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை. அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர் என்பதால், செலவைக் காட்டித் தட்டிக்கழிக்கவும் இடமில்லை. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒன்றரை ஷிப்டை நாளைக்கே ஒழித்துவிட முடியாது. பிள்ளை பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க பள்ளியில் ஓர் ஆளை அமர்த்த முடியும். அதுவரை, மனம் கனக்கும் பிள்ளையும் அதன் பெற்றோரும் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், இந்தியிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.