சட்டைப்பைக்குள் ஒரு சூதாட்டக் கூடம்

2024 மார்ச் 20 அன்று நடந்த ஒரு என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டத்தில், டொரன்டோ ராப்டர்ஸ் அணியின் மாற்று ஆட்டக்காரர் ஜான்டே போர்ட்டர் களமிறங்கினார். மூன்று நிமிடம் ஆடியிருப்பார். உடம்பு சரியில்லை என்று சொல்லி வெளியேறிவிட்டார். அரங்கில் இருந்தவர்கள் இதைக் கவனித்திருக்கவே வாய்ப்பில்லை. அவர் ஒன்றும் நட்சத்திர வீரர் அல்ல. ஆனால் யாரோ ஒருவர், போர்ட்டர் அன்றைக்குக் குறைவான புள்ளிகளே எடுப்பார், பந்தைக் குறைவாகவே பிடிப்பார் என்று 80,000 டாலர் பந்தயம் கட்டியிருந்தார். ஜெயித்தால் 11 லட்சம் டாலர். இவ்வளவு சாதாரண ஆட்டக்காரர் மேல் இவ்வளவு பணமா என்று பெட்டிங் கம்பெனிக்கே சந்தேகம் வந்து, பணத்தை நிறுத்தி வைத்தது. ஏப்ரலில் என்.பி.ஏ. அவருக்கு ஆயுள் தடை விதித்தது. ஜூலையில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கே தலைக்கு மேல் சூதாட்டக் கடன் இருந்தது, அதை அடைக்கத்தான் பாதியில் வெளியேறினார் என்றது அரசுத் தரப்பு.

இந்தச் சம்பவத்தை இரண்டு விதமாக வாசிக்கலாம். பந்தயம் சட்டபூர்வமாக, கணக்கு வழக்கோடு நடந்ததால்தான் மோசடி பிடிபட்டது என்பது ஒரு வாசிப்பு. அதில் உண்மை உண்டு. இன்னொன்று: 1919இல் சிகாகோ பேஸ்பால் அணி வீரர்களை லஞ்சம் கொடுத்து விலைக்கு வாங்கிய சூதாடிகளுக்கு ஓர் அணியையே தோற்க வைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாலே போதும். ஏனென்றால் அணியின் வெற்றி தோல்வியைத் தாண்டி, ஒவ்வொரு வீரரின் ஒவ்வோர் அசைவும் இப்போது விற்பனைச் சரக்கு. எனக்கு இந்த இரண்டாவது வாசிப்புதான் முக்கியமாகப் படுகிறது.

அமெரிக்காவில் 1992இல் வந்த ஒரு மத்தியச் சட்டம், நெவாடா போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கூடாது என்றது. அதற்காக முன்னின்று போராடியவர் பில் பிராட்லி. முன்னாள் கூடைப்பந்து வீரர், பிறகு நியூஜெர்சி செனட்டர். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடி வீழ்த்தியதும் அதே நியூஜெர்சிதான். அம்மாநிலத்தின் அட்லான்டிக் சிட்டி சூதாட்டக் கூடங்களின் வருமானம் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. பந்தயம் நல்லதா கெட்டதா என்று நீதிபதிகள் சொல்லவில்லை. மாநிலங்களுக்கு மத்திய அரசு இப்படிக் கட்டளையிட முடியாது என்றுதான் சொன்னார்கள். அதற்கு முன்பே, 2014 நவம்பரில், என்.பி.ஏ. ஆணையர் ஆடம் சில்வர் பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தார். கள்ளச் சந்தையில் நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒழுங்குபடுத்துவோம் என்பது அவர் வாதம்.

வெளிச்சத்துக்கு வந்தது; வந்த வேகம்தான் யாரும் எதிர்பாராதது. 2017இல் சட்டபூர்வமாகக் கட்டப்பட்ட பந்தயத் தொகை ஏறத்தாழ 490 கோடி டாலர். 2023இல் அது 12,100 கோடி டாலரைத் தாண்டியது. இதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செல்போன், கணினி வழியாகக் கட்டப்பட்டது. 2024க்குள் 38 மாநிலங்கள் அனுமதித்துவிட்டன. சியெனா பல்கலைக்கழகத்தின் 2025 கருத்துக்கணிப்பின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள அமெரிக்க ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் பெட்டிங் கணக்கு இருக்கிறது.

சரி, இதில் கம்பெனிக்கு லாபம் எப்படி வருகிறது? சம வாய்ப்புள்ள ஓர் ஆட்டத்தில் 110 டாலர் கட்டுகிறீர்கள். தோற்றால் 110ம் போச்சு. ஜெயித்தால் லாபம் 100தான். இந்த வித்தியாசம்தான் கம்பெனியின் கூலி. நாள்போக்கில், கட்டும் ஒவ்வொரு 100 டாலரிலும் நாலரை டாலர் அங்கே போகும். கட்டுகிறவர் நட்டமில்லாமல் தப்பிக்கவே நூற்றில் 52.4 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். பழைய நெவாடா கவுன்ட்டரில் இதுதான் நடைமுறை. நாலரை டாலரை வைத்து இன்றைய செல்போன் செயலிகளின் பெரிய விளம்பரச் செலவைத் தாங்க முடியாதே! அதற்குத்தான் செயலிகள் 'பார்லே'யைத் தள்ளுகின்றன. நான்கைந்து கணிப்புகளை ஒன்றாகக் கோத்து, எல்லாமே பலித்தால் பெரிய தொகை என்கிற பந்தயம் அது. நான்கு கணிப்புகளைக் கோத்தால் அதே கணக்கில் கம்பெனியின் பங்கு 100க்கு 17 டாலர் ஆகிறது. ஆறு கோத்தால் 24. ஐந்து பலித்து ஒன்று தவறிப்போனவர், தான் தோற்றதாக நினைக்க மாட்டார். மயிரிழையில் தவறிவிட்டது என்றுதான் நினைப்பார். மறுபடி கட்டுவார்.

பலிக்குமா, பலிக்காதா என்ற இந்தக் காத்திருப்பு மூளையில் என்ன செய்கிறது என்பது ஆய்வகத்தில் நன்றாகவே அலசப்பட்டிருக்கிறது. வுல்ஃப்ராம் சுல்ட்ஸ் என்ற நரம்பியலாளரும் அவருடைய சகாக்களும் குரங்குகளுக்கு ஓர் அடையாளத்தைக் காட்டி, பிறகு பழச்சாறு கொடுத்துப் பழக்கினார்கள். நிச்சயம் கிடைக்கும் என்றால் டோபமின் நரம்பணுக்கள் அடையாளத்தைக் கண்டதும் துடித்து, பிறகு அடங்கிவிடுகின்றன. கிடைக்காது என்றால் சலனமே இல்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்ற நிலையில்தான் காத்திருக்கும் நேரம் முழுவதும் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. 2003இல் வெளியான இந்த ஆய்வைப் படிக்கும்போது, பரிசைவிட நிச்சயமின்மைதான் போதை என்று தோன்றிவிடுகிறது.

இதற்கு மனிதர்களிடமிருந்து வந்த சாட்சி இன்னும் திகைக்க வைப்பது. பார்கின்சன் நோயாளிகளுக்கு டோபமினைப் போலவே செயல்படும் மருந்துகளைக் கொடுக்கிறார்கள். வாழ்நாளில் சீட்டைத் தொடாத சிலர், அந்த மருந்தை எடுக்கத் தொடங்கிய பின் சேமிப்பையெல்லாம் சூதில் விட்டார்கள். மருந்தை நிறுத்தியதும் பலருக்கு ஆசையும் நின்றது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், சூதாட்ட நோயை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தின் பட்டியலிலேயே சேர்த்தது. ஒரு பொருளும் உடலுக்குள் போகாமலேயே அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் பழக்கம் இதுதான்.

இப்போது நிச்சயமின்மையின் எண்ணிக்கையைப் பாருங்கள். வாரத்தில் ஓர் ஆட்டம், அதன் முடிவின் மேல் ஒரு பந்தயம் என்றால், மூளைக்கு வாரத்துக்கு ஒரு காத்திருப்பு. அடுத்த பந்து என்ன வேகத்தில் வரும் என்று கட்டலாம் என்றால், ஒரே ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான காத்திருப்புகள். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் புரள்கிறவருக்கு, உலகின் ஏதோவொரு மூலையில் நடக்கும் டேபிள் டென்னிஸ் ஆட்டம் தயாராக இருக்கிறது.

சமூக விளைவை அளக்க அமெரிக்கா தற்செயலாக ஒரு நல்ல சோதனைக்கூடமாக அமைந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு காலத்தில் அனுமதித்தது. சில மாநிலங்கள் நேரடிக் கவுன்ட்டரை மட்டும், சில மாநிலங்கள் செல்போனையும். அனுமதித்த மாநிலத்தையும் அனுமதிக்காத மாநிலத்தையும், முன்னும் பின்னும் ஒப்பிட்டால் பந்தயத்தின் பங்கை ஓரளவு தனியாகப் பிரித்துவிடலாம். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரண்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் லட்சக்கணக்கானோரின் கடன் விவரங்களை வைத்து 2024இல் இதைச் செய்தார்கள். ஆன்லைன் பந்தயம் வந்த மாநிலங்களில் மக்களின் கிரெடிட் ஸ்கோர் சராசரியாகச் சுமார் ஒரு சதவீதம் சரிந்தது. ஒரு சதவீதம்தானே என்று கேட்கலாம். பந்தயமே கட்டாதவர்களையும் சேர்த்த சராசரி அது. திவால் மனுக்கள் 25 முதல் 30 சதவீதம் கூடின. அதுவும் உடனே இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து. கடன் வாங்கிக் கடனை அடைத்து, கடைசியில் கை விரிக்க அவ்வளவு காலம் பிடிக்கும் அல்லவா? நேரடிக் கவுன்ட்டர் மட்டும் இருந்த மாநிலங்களில் பாதிப்பு மிகக் குறைவு.

இன்னொரு பொருளியலாளர் குழு வங்கிக் கணக்குகளைப் பார்த்தது. சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் போகும் பணம்தான் பந்தயத்துக்குத் திரும்புகிறது என்று கம்பெனிகள் சொல்லி வந்தன. கணக்கு வேறு கதை சொன்னது: குறைந்தவை முதலீடும் சேமிப்பும்தான். ஏற்கெனவே கைக்கும் வாய்க்குமாக இருந்த குடும்பங்களில்தான் கிரெடிட் கார்டு பாக்கி அதிகம் ஏறியது. 2025இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஆய்வோ, 2018 தீர்ப்புக்குப் பின் சூதாட்டப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேடும் இணையத் தேடல்கள் எதிர்பார்த்ததைவிட 23 சதவீதம் கூடின என்றது. தேடுகிற எல்லோரும் நோயாளிகள் அல்ல. ஆனால் தேட வேண்டியிருந்ததே.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் தரவு இருக்கிறது. ஜெயிக்கும் என்று நம்பப்பட்ட உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்ற நாளில், ஆண்கள் தங்கள் துணையை அடிக்கும் சம்பவங்கள் சுமார் 10 சதவீதம் கூடுகின்றன என்று கார்ட், டால் என்ற இரு பொருளியலாளர்கள் 2011இலேயே காட்டியிருந்தார்கள். பந்தயம் சட்டபூர்வமான பிறகு அதே கணக்கை ஆரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். செல்போன் பந்தயம் உள்ள மாநிலங்களில் இந்த ஏற்றம் இன்னும் பெரிதாகியிருந்தது. சம்பள நாளை ஒட்டி அதிகமாக. தோற்றது அணி, அடி வாங்கியது பெண்.

அமெரிக்காவுக்கு வெளியே, பிரேசில் விஷயத்தில் புள்ளிவிவரமே போதும். 2024 ஆகஸ்டில் மட்டும், 'போல்சா ஃபமிலியா' என்ற ஏழைகள் உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 50 லட்சம் பேர், பந்தயக் கம்பெனிகளுக்கு 300 கோடி ரியால் அனுப்பியதாக அந்நாட்டு மத்திய வங்கி கணக்கிட்டது.

கள்ளச் சந்தையாவது ஒழிந்ததா என்றால், ஒழியவில்லை. பேஸ்பால் நட்சத்திரம் ஓடானியின் மொழிபெயர்ப்பாளர் அவருடைய கணக்கிலிருந்து சுமார் 1.7 கோடி டாலரை எடுத்துக் கட்டியது, சட்டவிரோத புக்கி ஒருவரிடம்தான். அது நடந்த கலிஃபோர்னியாவில் பந்தயம் இன்றும் தடை. ஆக, தடை இருந்த இடத்திலும் வாழ்க்கை சீரழிந்தது, அனுமதித்த இடத்திலும் சீரழிந்தது. அதனால்தான் 'அனுமதிப்பதா, தடுப்பதா' என்ற கேள்வியோடு விவாதத்தை முடித்துக்கொள்வது சோம்பேறித்தனம் என்கிறேன். எவ்வளவு வேகமாக, யாருடைய பணத்தில், எந்த நேரத்தில் கட்டலாம் என்பதில்தான் பாதிப்பு இருக்கிறது.

பிரிட்டன் 2020இலும் ஆஸ்திரேலியா 2024இலும், கிரெடிட் கார்டு வைத்துப் பந்தயம் கட்டுவதைத் தடை செய்தன. இத்தாலி விளம்பரத்தையே நிறுத்தியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2024இல் கொண்டுவரப்பட்ட ஒரு மசோதா, 24 மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் கணக்கில் பணம் போடக் கூடாது, நேரலையின்போது விளம்பரம் கூடாது என்றது, நிறைவேறவில்லை. நியூயார்க் மாநிலம் கம்பெனிகளின் வருவாயில் 51 சதவீதத்தை வரியாக வாங்குகிறது. அவ்வளவு பெரிய பங்காளி, கடையைச் சின்னதாக்க மனம் வைப்பாரா?

நமக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்துக்குப் பின் அமைந்த லோதா குழு, 2016இல் கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கப் பரிந்துரைத்தது. 2018 ஜூலையில், அமெரிக்கத் தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில், இந்தியச் சட்ட ஆணையமும் தடுக்க முடியாவிட்டால் ஒழுங்குபடுத்தலாம் என்றது. அன்று நாம் அந்த வழியில் போயிருந்தால் மேலே சொன்ன எண்கள் இன்று நம் எண்களாக இருந்திருக்கும். தமிழ்நாடு 2025இல் ஆன்லைன் ரம்மிக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டது, அதை உயர் நீதிமன்றமும் ஏற்றது. என் பார்வையில் அது மிகச் சரியான இடத்தில் கை வைத்த விதி. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்துவிட்டது. நான் இந்தத் தடையை ஆதரிக்கிறேன். ஆனால் வெளிநாட்டுத் தளங்களும் இடைத்தரகர்களின் யூ.பி.ஐ. எண்களும் முடக்கப்படாதவரை, இது காகிதத்தில் உள்ள தடைதான்.

சூதாட்ட அடிமைத்தனம் சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். எண்ணப் போக்கை மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையால் நல்ல பலன் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது ஆட்டம் பார்க்கும்போது போனைக் கீழே வைக்காமல், காரணம் சொல்லாமல் கடன் கேட்டுக்கொண்டிருந்தால், திட்டுவதற்கு முன் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.