ரன் அவுட் சண்டையா? அம்பயர் நிக்கிற இடத்தைப் பாருங்க!

"ஏல, அவுட்டுல!"

"லைன்ல பேட்டை வச்சிட்டேன்ல!"

குற்றாலச் சாரல் கொஞ்சம் ஓய்ந்தால் போதும், தென்காசிப் பக்கம் காலி மைதானங்களில் ஸ்டம்ப் ஊன்றிவிடுவார்கள். கூடவே ரன் அவுட் சண்டையும் வந்துவிடும். பேட்டிங் டீம் ஆள்தான் அம்பயர் என்பதால், 'உங்க ஆளுக்குத்தானே சொல்லுவ' என்று ஆரம்பித்து, பல நாள் பேச்சுவார்த்தையே நின்றுபோகும். ஆனால், பல நேரம் தப்பு அம்பயரின் மனசில் இல்லை; அவர் நின்ற இடத்தில்!

ஸ்டம்ப்புக்கு நேர் பின்னால் நின்றால், பேட் கோட்டைத் தாண்டியதா என்று கண்ணால் அளக்கவே முடியாது. அதனால் பேட்ஸ்மேன் பந்தை அடித்ததும் அம்பயர் பக்கவாட்டில் ஓட வேண்டும். பந்து போன பக்கமே நகர்வது பொதுவான வழக்கம். அங்கே ஃபீல்டர் மறைத்தால் மறுபக்கம் போகலாம். ஸ்டம்ப்புக்கு 4 அடி முன்னால் இருக்கும் கிரீஸ் கோட்டுக்கு நேராக, ரெண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். த்ரோ வரும்போது ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். ஓடிக்கொண்டே பார்த்தால் காட்சியும் சேர்ந்து ஆடும்.

பார்க்க வேண்டியவை ரெண்டுதான்: பெயில்ஸ் முழுசாக விலகியதா? அந்த நொடியில் பேட் எங்கே இருந்தது? பேட் கோட்டின் மேல் இருந்தால் அது அவுட்தான். கோட்டைத் தாண்டி உள்ளே தரையைத் தொட்டிருக்க வேண்டும். ஆனால், ஓடி வந்து உள்ளே பேட்டை ஊன்றிய பிறகு அது துள்ளி மேலே எழும்பினால் நாட் அவுட். இது 2017-ல் வந்த விதி.

பேஸ்பால் அம்பயருக்கு இதைவிடச் சிக்கல். கிரிக்கெட்டில் ஒருவர் அவுட்டானதும் அந்தப் பந்து முடிந்தது. அங்கேயோ 'டபுள் பிளே'யில் ஒரே பந்தில் ரெண்டு பேர் அவுட்டாகலாம். களத்தில் ஒரே அம்பயர் இருந்தால், இரண்டாவது பேஸில் தீர்ப்பு சொன்ன கையோடு, முதல் பேஸ் பக்கம் திரும்பி நகர வேண்டும். பந்து அங்கே சேர்வதற்குள் நின்றுவிட வேண்டும். அங்கே கண் பேஸில் படும் காலைப் பார்க்கும். காது பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் கேட்கும். கிட்டே ஓடுவதைவிட, சரியான கோணம் பிடிப்பதுதான் முக்கியம்.

1992 நவம்பரில் டர்பன் டெஸ்ட்டில் சச்சினுக்கு ரன் அவுட் கொடுத்தது டி.வி பார்த்த மூன்றாவது அம்பயர். அந்த முறையில் முதலில் அவுட்டான பேட்ஸ்மேன் அவர்தான். நம்ம ஊர் மைதானத்தில் அந்த வசதி இல்லை. அதனால் அடுத்த மேட்ச்சில் நீங்கள் அம்பயர் என்றால், நாலு எட்டு பக்கவாட்டில் ஓடிப்போய் நில்லுங்க. தீர்ப்பும் தெளிவா இருக்கும், நட்பும் தப்பிக்கும்!