இயல்பான தசை வலிமை: கைப்பிடி அளவீடும் அதன் ஒப்பீட்டுத் தளமும்

திறவுச்சொற்கள்: தசை வலிமை, கைப்பிடி வலிமை, விசைமானி, இயல்பளவு, சார்கோபீனியா

முன்னுரை

நலமுடன் இருக்கும் ஒருவரின் தசை வலிமை 'இயல்பானது' என மருத்துவக் குறிப்பில் பதியப்படுகிறது. யாருடைய வலிமையோடு ஒப்பிட்டு அவ்வாறு கூறப்பட்டது என்பது பெரும்பாலும் அக்குறிப்பில் இடம்பெறுவதில்லை. ஒப்பீட்டுத் தளம் மாறினால் ஒருவரே இயல்பானவராகவும் வலிமை குன்றியவராகவும் கணிக்கப்படுவார் என்பதைக் கைப்பிடி வலிமையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

கையால் சோதித்தல்

நரம்பியல் பரிசோதனையில் பரவலாகக் கையாளப்படுவது பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 0 முதல் 5 வரையிலான தரநிலையாகும். புவியீர்ப்பை எதிர்த்து மட்டும் அசைந்தால் 3, ஓரளவு எதிர்ப்பையும் தாங்கினால் 4, இயல்பாயின் 5. வலுவிழந்த தசையை மதிப்பிட இது போதுமானது. நலமுடையோரை அளக்கப் போதாது. தொடையின் முன்தசை தன் வலிமையில் கணிசமான பகுதியை இழந்த பின்னரும் பரிசோதகரின் கையை வென்றுவிடும். அவரும் 5 என்றே எழுதுவார்.

விசைமானி

எனவே எண்ணளவில் அளக்கும் கருவி தேவையாகிறது. 1954இல் பெக்டால் அறிமுகப்படுத்திய ஜாமர் நீரியல் விசைமானி இன்றும் பெரிதும் பயன்படுகிறது. அமெரிக்கக் கைச் சிகிச்சையாளர் சங்கம் 1981இல் பரிந்துரைத்த முறைப்படி, அளக்கப்படுபவர் அமர்ந்து, மேற்கையை உடலோடு ஒட்டி, முழங்கையை 90 பாகை மடக்கியிருக்க வேண்டும். மூன்று முயற்சிகளின் சராசரி கொள்ளப்படும். ஆசிய ஆய்வுகளிலோ நின்றபடி, முழங்கையை நீட்டி அளக்கும் ஸ்மெட்லி சுருள்வில் கருவியே மிகுதி. சிறந்த முயற்சியைக் கொள்வதும் உண்டு. சிறந்த முயற்சி சராசரியைவிடக் குறையாது என்பதால், ஒரு முறையில் பெற்ற அளவை மற்றொரு முறையின் அட்டவணையோடு ஒப்பிடுவது தொடக்கத்திலேயே பிழையாகிவிடும். ஆய்வேடுகளில் இப்பிழை கவனிக்கப்படாமல் போவது வியப்பன்று. முறையியல் பகுதியில் 'கைப்பிடி வலிமை அளக்கப்பட்டது' என்ற ஒரு வரிதான் இருக்கும்.

யாருடைய இயல்பு?

மேதியோவெட்சும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்ட இயல்பளவுகள் இன்றும் மேற்கோளாகின்றன. அவை அமெரிக்காவின் மில்வாக்கி வட்டாரத்தில் 638 பேரிடம் எடுக்கப்பட்டவை. பிரித்தானியாவின் 12 ஆய்வுகளைத் தொகுத்து டாட்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட கட்டுரையின்படி, உச்ச வலிமையின் நடுவளவு ஆண்களுக்கு 51 கிலோகிராம், பெண்களுக்கு 31 கிலோகிராம். இளம்பருவ உச்சச் சராசரியிலிருந்து 2.5 திட்ட விலக்கம் தாழ்ந்த நிலையே சார்கோபீனியாவுக்கான ஐரோப்பிய வரம்பாயிற்று: ஆண்களுக்கு 27, பெண்களுக்கு 16.

ஆசியப் பணிக்குழு 2019இல் வகுத்த வரம்போ 28, 18. அது இளைஞரின் உச்சத்தைக் கொண்டு வகுக்கப்பட்டதன்று. ஆசிய முதியோர் தரவில் மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினரைப் பிரிக்கும் எல்லையை ஒட்டியது. ஆகவே 27.5 கிலோகிராம் பிடிக்கும் ஆண் ஐரோப்பிய வரம்பில் தப்புகிறார். ஆசிய வரம்பில் சிக்குகிறார்.

இங்கு ஒரு முரண் உள்ளது. 21 நாடுகளில் 35 முதல் 70 வயது வரையுள்ள 1,25,462 நலமுடையோரை ஆராய்ந்த 'பியூர்' ஆய்வின் 2016 கட்டுரையில், ஐரோப்பா, வட அமெரிக்காவில் அளவுகள் உயர்ந்தும், தெற்காசியா, தென்கிழக்காசியா, ஆப்பிரிக்காவில் தாழ்ந்தும், சீனாவில் இடைப்பட்டும் காணப்பட்டன. 'ஆசியர்' என்பது ஒரே தொகுதியன்று. அவ்வாறிருக்க, ஐரோப்பிய வரம்பினும் உயர்ந்த வரம்பு தெற்காசியருக்கும் அப்படியே பொருத்தப்படுகிறது.

தெற்காசியருக்கெனத் தாழ்ந்த இயல்பளவை வகுத்துவிடலாம் என்பது எளிய தீர்வாகத் தோன்றும். உடலளவு வேறுபாட்டைக் கருதினால் அதில் நியாயமுண்டு. ஆயினும் இளமையில் ஊட்டம் குன்றியதால் நேர்ந்த இழப்பும் அத்தாழ்வில் கலந்திருக்குமாயின், அதனை 'இயல்பு' எனப் பதிவது குறைபாட்டை மறைப்பதாகும். அதே ஆய்வின் 2015 கட்டுரை, பிடி வலிமை 5 கிலோகிராம் குறையுந்தோறும் இறப்பு இடர் 16 விழுக்காடு மிகுதியாக இருந்ததைக் காட்டியது. பலரிடம் காணப்படுவதும் நலத்திற்குப் போதியதும் ஒன்றல்ல. முன்னதைக் குறுக்குவெட்டு அளவீடு தரும். பின்னதை அறிய, அளக்கப்பட்டவர்களைப் பல்லாண்டுகள் தொடர வேண்டும். அதுவரை கருவி, உடல்நிலை, முயற்சிகளின் எண்ணிக்கை, ஒப்பிட்ட அட்டவணை ஆகிய நான்கையும் குறிப்பிடாமல் 'இயல்பு' என்று எழுதுவதை ஆய்விதழ்கள் ஏற்கலாகாது.