கணினி வலையமைப்புத் தேர்வுக்குப் பயிலும் முறை

மைசூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் கணினித் தொழிலை நாடும் இளைஞர்கள் பலர் உளர். அவர்களுள் வலையமைப்புத் துறையில் முதற்படி ஏற விரும்புவோர் எழுதும் தேர்வுகளில் ஒன்று சி.சி.என்.ஏ. என்பது. சிஸ்கோ நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய இத்தேர்வுக்கு முன்தகுதி எதுவும் விதிக்கப்படவில்லை. பட்டம் பெற்றவரும் பெறாதவரும் எழுதலாம். கட்டணமோ 300 அமெரிக்க டாலர். எளிய குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. ஆதலின், பணம் வீணாகாதவாறு பயிலும் முறையை ஆராய்வோம்.

பாடத்திட்டம் ஆறு பகுதிகளை உடையது. அவற்றுள் நூற்றுக்கு 25 பங்கு பெற்று முதன்மையாக நிற்பது ஐ.பி. இணைப்பு என்னும் பகுதி. ஒரு செய்தி ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு வழி கண்டு செல்வது எவ்வாறு என்பதே அதன் பொருள். இதற்கு அடிப்படை, முகவரியைப் பிரித்தறியும் கணக்கு. மாணவர் பெரிதும் அஞ்சுவதும் இதற்கே.

அஞ்ச வேண்டுவதில்லை. 1972-ஆம் ஆண்டு முதல் நாம் எழுதிவரும் அஞ்சல் குறியீட்டு எண்ணை நோக்குவோம். மைசூரின் 570001 என்பதில் முதல் மூன்று இலக்கங்கள் மாவட்டப் பகுதியையும், பின் மூன்று அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. ஈரோட்டில் கடிதங்களைப் பிரிப்பவர் 570-ஐக் கண்டதும் மைசூருக்குரிய கட்டில் சேர்க்கிறார். தெருவின் பெயரை ஆராய்வதில்லை. ரௌட்டர் என்னும் கருவியும் முகவரியின் முற்பகுதியை நோக்கியே வழியைத் தேர்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. அஞ்சல் எண்ணில் எல்லை மாறுவதில்லை, ஐ.பி. முகவரியில் எல்லையை நாமே வகுக்கலாம். முகவரியின் 32 பிட்டுகளில் முதல் 26 வலையமைப்புக்கு உரியவை என வகுத்தால், எஞ்சுவன 6. இரண்டை ஆறு முறை எழுதிப் பெருக்க 64 வரும். முதல் எண் வலையமைப்பின் அடையாளமாகவும், இறுதி எண் அனைவர்க்கும் பொதுவான அழைப்பாகவும் நிற்க, கணினிகளுக்குக் கிடைப்பவை 62. இவ்வகுப்பில் 192.168.10.60 என்பது 0 முதல் 63 வரையுள்ள பிரிவிலும், 192.168.10.70 என்பது 64 முதல் 127 வரையுள்ள பிரிவிலும் அமையும். எண்கள் அருகருகே இருப்பினும் இரண்டுக்கும் இடையே ரௌட்டர் தேவை.

பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. 1935-ஆம் ஆண்டில் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி இதே மைசூரில் தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் அமைத்தார். இன்றோ, சிஸ்கோ இலவசமாக அளிக்கும் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளைக் கொண்டு, வீட்டுக் கணினியின் திரையிலேயே வலையமைப்பை அமைத்தும் குலைத்தும் பார்க்கலாம்.

தமிழ் வழியிலோ கன்னட வழியிலோ பயின்றோர், ஆங்கில வினாக்களுக்கு அஞ்சி, கசிந்த வினாவிடைகளை மனனம் செய்ய முற்படுவதுண்டு. இது விதிமீறல், சான்றிதழே பறிபோகலாம். பெற்றாலும், பணியில் ஒரு பழுது நேரும்போது மனனம் கைகொடுக்காது. பொருளைத் தாய்மொழியில் தெளிந்தபின் ஆங்கிலச் சொற்களைப் பழகுவதே நேர்வழி.

தேர்வு நேரம் 120 நிமிடம். கடந்த வினாவுக்குத் திரும்ப இயலாது. ஆகவே நாள்தோறும் பத்துக் கணக்குகளேனும் விரைந்து செய்து பழகுதல் நன்று. 60-உம் 70-உம் நேரே உரையாட இயலாதது ஏன் என்று வீட்டிலுள்ள ஒருவருக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். அவருக்கு விளங்கிய பின்னர்த் தேர்வுக்குப் பணம் கட்டலாம்.