எலுமிச்சையில் இலை வெளுப்பும் இரும்பின் பிணைப்பும்

சங்கரன்கோவில், புளியங்குடி வட்டாரங்களில் எலுமிச்சை பயிரிடுவோருக்கு இலை வெளுப்பு புதிய செய்தியன்று. கொழுந்திலைகளின் நரம்புகள் பச்சையாயிருக்க, இடைப்பகுதி மாத்திரம் மஞ்சளாகிப் பின் வெளிறுமாயின், அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாகும். தழைச்சத்துக் குறைவாயின் முதிர்ந்த இலைகளே முதலில் வெளுக்கும். கவனியாது விட்டால் கிளை நுனிகள் காய்ந்து, காய்ப்புக் குன்றும்.

இதற்குப் பரிகாரமாக அன்னபேதியை வேரடியில் இடுவதுண்டு. சுக்கான் கலந்த பூமிகளில் அச்செலவு பெரும்பாலும் வீணேயாகும். அத்தகைய மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. ஏராளமாயிருந்தும் அது கரைவதில்லை. மண்ணின் பி.எச். எண் ஒன்று உயருந்தோறும், நீரில் தனித்துக் கரைந்து நிற்கும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகின்றது. இடப்படும் அன்னபேதியும் விரைவில் துருவாக மாறி மண்ணோடு மண்ணாய்விடுகின்றது.

இரும்பைத் துருவாகாமல் காக்கும் வழி அதன் பிணைப்பு முறையில் அடங்கியுள்ளது. சாதாரணப் பிணைப்பில் இரு அணுக்களும் ஆளுக்கோர் எலெக்ட்ரான் கொடுத்துக் கூட்டுச் சேரும். இரும்பு, தாமிரம், துத்தநாகம் முதலிய உலோகங்களோ வேறு விதமாகவும் சேரும். விதையும் உரமும் ஒருவரே போட்டு, விளைவை இருவரும் அனுபவிப்பது போல, பக்கத்திலுள்ள நைட்ரஜனோ ஆக்சிஜனோ இரண்டு எலெக்ட்ரான்களையும் தானே கொடுத்து உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். இரும்பைச் சுற்றிப் பெரும்பாலும் ஆறு பிடிகள் அமையும்: நான்கு திக்குகளில் நான்கு, மேலே ஒன்று, கீழே ஒன்று. இவ்வமைப்பை 1893-ஆம் ஆண்டில் விளக்கிய ஆல்பிரட் வெர்னர் என்னும் அறிஞருக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிடிகளை ஒரே பொருள் பற்றுமாயின் அதற்குக் கிலேட்டு என்று பெயர்; நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இ.டி.டி.ஏ. என்பது இரண்டு நைட்ரஜனாலும் நான்கு ஆக்சிஜனாலும் இரும்பைப் பற்றுகின்றது. ஆயினும் சுக்கான் மண்ணில் சுண்ணாம்புச் சத்து அவ்விடத்தைக் கைப்பற்ற, இரும்பு நழுவித் துருவாகின்றது. ஆகையால் இது இலைவழித் தெளிப்புக்கே ஏற்றது. இ.டி.டி.எச்.ஏ. என்பதன் பிடி மிக உறுதியானது. கார மண்ணிலும் இரும்பை விடாது. விலை அதிகமாயினும், சுக்கான் பூமியில் வேர்வழி இடுவதற்குத் தக்கது இதுவே. இது கருஞ்சிவப்பு நிறமுடையது. வாங்குவோர் ‘கிலேட்டு இரும்பு’ என்ற பெயரை மாத்திரம் பாராமல், எந்தக் கிலேட்டு என்பதைப் பொட்டலத்தில் படித்தறிய வேண்டும்.

இரும்பு என்றால் காந்தம் நினைவுக்கு வருவது இயல்பு. ஓடை மணலில் காந்தத்தை இட்டால் கருமணல் ஒட்டும். ஆனால் அக்கருமணல் பயிருக்கு எளிதில் உணவாகாது. கரைந்த இரும்பின் காந்தக் குணம் வேறு. அதில் இணை சேராது நிற்கும் எலெக்ட்ரான்களே அதற்குக் காரணம். அன்னபேதிக் கரைசலில் இவை நான்கு, இ.டி.டி.ஏ. இரும்பில் ஐந்து. சயனைடு ஆறு பக்கமும் இறுகப் பற்றிய பெர்ரோசயனைடில் எல்லாம் இணை சேர்ந்துவிடுவதால் காந்தம் அதனை இழுப்பதில்லை. இவ்விழுப்பு மிக நுண்ணியது. ஆய்வுக்கூடத் தராசில்தான் தெரியும். ஆகவே கைக்காந்தத்தைக் கொண்டு மண்ணின் சத்தை அறிய இயலாது. மண் பரிசோதனையே வழி.

செலவு குறைந்த முறை இலைவழித் தெளிப்பாகும். 100 லிட்டர் தண்ணீரில் முதலில் 100 கிராம் சிட்ரிக் அமிலத்தையும், பின் 500 கிராம் அன்னபேதியையும் கரைத்து, காலையிலோ மாலையிலோ தெளிக்கலாம். சிட்ரிக் அமிலமும் இரும்பைப் பற்றிக் காப்பதே. கரைசல் பழுப்பு நிறமடைந்தால் பயன் குன்றும். அன்றன்று கரைத்துத் தெளிக்க வேண்டும். தெளித்த இலையின் இரும்பு புதுக் கொழுந்துக்கு எளிதில் செல்லாதாகையால், புதுத் தளிர் வெளுத்தால் மறுபடியும் தெளிப்பது அவசியம்.

உரத்திற்குப் பணம் செலவிடுமுன் மண்ணின் பி.எச். எண்ணை அறிந்துகொள்வதே முதற்கடமை. கிராம அதிகாரிகள் இதனை விவசாயிகளுக்கு எடுத்துரைப்பார்களாயின், வீண் செலவு பெரிதும் தவிர்க்கப்படும்.